உங்களுக்குத் தெரியுமா? எஃப்.ஐ.ஆர். முதல் தீர்ப்பு வரை

● ஏமாற்றுக்காரரை '420' என்று திட்டுகிறோமே, அந்த எண் இப்போது தண்டனைச் சட்டத்திலேயே இல்லை. 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்துக்கு 511 பிரிவுகள். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் அமர்ந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மொத்தமே 358. மோசடி இப்போது 318(4). கொலைக்கு 302 போய் 103 வந்துவிட்டது. புதிய சட்டத்தில் 302-ஐப் புரட்டினால், அடுத்தவரின் மத உணர்வைப் புண்படுத்த வேண்டும் என்றே பேசுவது பற்றி இருக்கும். 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றங்களுக்குப் பழைய எண்கள்தான் செல்லும். அதனால் இன்னும் பல ஆண்டுகளுக்கு நீதிமன்ற வளாகத்தில் இரண்டு எண் வரிசைகளும் சேர்ந்தே புழங்கும்.

● எஃப்.ஐ.ஆரில் ஒரு பிரிவை எழுதினால், அதோடு சேர்ந்து வேறு பலவும் முடிவாகிவிடுகின்றன. பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்யலாமா? ஜாமீன் உரிமையா, நீதிபதியின் விருப்புரிமையா? எந்த நீதிமன்றம் விசாரிக்கும்? அதிகபட்சத் தண்டனை எவ்வளவு? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கடைசிப் பக்கங்களில் 'முதல் அட்டவணை' என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவுக்கும் எதிரே கட்டம் கட்டி இவற்றுக்கெல்லாம் விடை போட்டிருப்பார்கள். உறவினர் ஒருவர்மேல் வழக்கு என்று சேதி வந்தால், முதலில் பிரிவு எண்ணைக் கேட்டு அந்த அட்டவணையைப் பாருங்கள். பாதி பயம் அங்கேயே தெளியும். பயப்பட வேண்டிய வழக்கென்றால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

● அட்டவணையில் இல்லாத வேறு சட்டங்களின் குற்றங்களுக்கு, அந்தச் சட்டமே தனியாக எதுவும் சொல்லாதபோது, தண்டனைதான் அளவுகோல். மூன்று ஆண்டுக்குக் குறைவு என்றால் ஜாமீன் உரிமை உண்டு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் அந்த உரிமை இல்லை.

● தண்டனை அதிகமானால் ஜாமீன் கிடைப்பது கடினம் என்று நினைப்போம். எப்போதும் அப்படி இல்லை. அலட்சியத்தால் ஒருவரின் உயிர் போகக் காரணமாக இருந்தால் இப்போது ஐந்து ஆண்டு வரை சிறை (பழைய 304ஏ பிரிவில் இரண்டே ஆண்டுதான்). ஆனாலும் அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். நீதிமன்றத்தில் பொய்சாட்சி சொன்னால் ஏழு ஆண்டு வரை போகலாம். அதுவும் ஜாமீனில் விடத்தக்கதே. சாதாரணத் திருட்டுக்கு மூன்று ஆண்டு, அது (5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளைத் தவிர) ஜாமீனில் விடத்தகாதது! பொருளைப் பறிகொடுத்தவரின் கோபத்தை மதித்து 1860-களில் போட்ட கணக்கு இது. இன்னும் முழுதாக மாறவில்லை. மாற வேண்டும் என்பது என் கட்சி.

● 'ஜாமீனில் விடத்தகாத குற்றம்' என்றதும் ஜாமீனே கிடையாது என்று குடும்பமே உடைந்துபோவதைப் பார்க்கிறோம். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் யோசித்துத் தரும் என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க வழக்கிலும் பெண்கள், சிறுவர்கள், நோயாளிகள், உடல் தளர்ந்தவர்கள் என்றால் கீழ் நீதிமன்றமே ஜாமீன் தரச் சட்டம் இடம் கொடுக்கிறது.

● ஜாமீனில் விடத்தக்க குற்றத்தில் கைதானவரிடம் ஜாமீன்தாரரைக் கொண்டுவரும் வசதி இல்லையா? ஒரு வாரம் ஆகியும் அவரால் முடியவில்லை என்றால் அவர் ஏழை என்றே சட்டம் கொள்ளும். சொந்தப் பிணைப்பத்திரத்திலேயே விட்டுவிட வேண்டும். இது தெரியாமல் வாரக்கணக்கில் உள்ளே கிடப்பவர்கள் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள்.

● 1978-இல் மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு உச்ச நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. கீழே இருந்த நீதிபதி 10,000 ரூபாய்க்குப் பிணை கேட்டார். கொத்தனார் தன் சகோதரரைக் காட்டினார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் தள்ளிவிட்டார்கள். மறுபடியும் உச்ச நீதிமன்றத்துக்கே போனார் கொத்தனார். நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் கொதித்து எழுதிய தீர்ப்பு அது. பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பஹல்காமிலோ சாந்தினி சவுக்கிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கன்னடரோ தெலுங்கரோ கைதானால், உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்று கேட்டார். பிணைத்தொகை 1,000 ரூபாயாகக் குறைந்தது. வேலை தேடி இன்று தமிழ்நாட்டுக்கு வரும் ஒடிசா, பீகார் தொழிலாளிகளை நினைத்துக்கொண்டு அந்தத் தீர்ப்பைப் படித்துப் பாருங்கள்.

● தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் புகார் கொடுத்ததும் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எஃப்.ஐ.ஆர். ஆகாது. புகார் வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அது அத்தாட்சி. பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பதாகப் புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-இல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டம் சின்ன சலுகை ஒன்றைத் தந்திருக்கிறது: மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்திப் பார்க்கலாம். புகார்தாரருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்.

● எந்தக் காவல் நிலைய எல்லை என்று பார்க்காமல் எங்கே வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்திட வேண்டும்.

● அறுபது வயதைத் தாண்டியவரையும் உடல் நலிந்தவரையும், மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்துக்காக டி.எஸ்.பி. நிலை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது. 2024-இல் புதிதாக வந்த பாதுகாப்பு இது.

● ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் 'கைது செய்யலாம்' என்பதை 'கைது செய்தே ஆக வேண்டும்' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கைது ஏன் தேவை என்று போலீஸ் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும். தேவையில்லை என்றால் ஆஜராகச் சொல்லி அறிவிப்பு கொடுத்தால் போதும். கைது செய்துவிட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22-வது பிரிவே சொல்கிறது.

● சிறையில் இருப்பவர் விரல்விட்டு எண்ண வேண்டிய இரண்டு எண்கள் 60, 90. காவலில் வைத்த 60 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால், பிணைப்பத்திரம் கொடுக்கத் தயார் என்று அவர் கேட்டாலே ஜாமீன் கொடுத்தாக வேண்டும். வழக்கின் கனம் அப்போது கணக்கில் வராது. மரணம், ஆயுள், குறைந்தது பத்து ஆண்டு என்ற தண்டனை உள்ள குற்றங்களுக்கு இது 90 நாள். ஆனால் கேட்க வேண்டும். கேட்பதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை கைநழுவிப் போகும்.

● இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் அவரைப் பிணைப்பத்திரத்தில் விட வேண்டும். மற்றவர்களுக்குப் பாதி. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. வேறு வழக்குகளும் நிலுவையில் இருப்பவர்களுக்கும் கிடைக்காது.

● போதைப்பொருள் வழக்கில் குற்றத்தின் வகையைத் தராசு தீர்மானிக்கிறது. கஞ்சா ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', ஓராண்டு வரை சிறை. 20 கிலோவைத் தாண்டினால் 'வணிக அளவு', பத்து முதல் இருபது ஆண்டு. இடைப்பட்டதற்குப் பத்து ஆண்டு வரை. ஹெராயினுக்கு இந்த எல்லைகள் 5 கிராமும் 250 கிராமும். வணிக அளவு என்றால் ஜாமீன் கேட்பவர் குற்றவாளியாக இருக்க மாட்டார் என்று நம்பக் காரணம் உண்டா என்று நீதிமன்றம் பார்க்கும். ஜாமீன் கட்டத்திலேயே வழக்கின் பெரும் பாரம் குற்றம் சாட்டப்பட்டவரின் தலையில் ஏறிவிடுகிறது. அதனால்தான் இவ்வழக்குகளில் வழக்கறிஞர் முதலில் கேட்பவை: எடை போட்டது யார், எப்போது, மாதிரி எடுத்தது எப்படி, முத்திரை சரியாக இருந்ததா? உடலைச் சோதனையிடுமுன், நடுவர் அல்லது அரசிதழ்ப் பதிவு பெற்ற அதிகாரி முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு என்று அந்த நபரிடம் சொன்னார்களா என்பதும் முக்கியம்.

● அதே சட்டத்தில், போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்துத் தண்டிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் சொன்னது. மூன்று நீதிபதிகளில் இருவரின் தீர்ப்பு. நாடெங்கும் எத்தனையோ வழக்குகளின் போக்கை மாற்றிய அந்தத் தோபன் சிங் வழக்கு தமிழ்நாட்டிலிருந்து போனது.

● 'போலீசாரிடம் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று செய்தித்தாளில் படிக்கிறோம். போலீசிடம் ஒப்புக்கொண்டதை அவருக்கு எதிரான சாட்சியமாக வைக்கக் கூடாது என்பது 1872 முதல் இருக்கும் விதி. அடித்து வாங்கும் வாக்குமூலத்தைப் பற்றிய பயம் அன்றே ஆள்வோருக்கு இருந்தது. இதற்குப் பொதுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: அவர் சொன்னதால் ஒரு பொருள் கிடைத்திருந்தால், அது கிடைக்கக் காரணமான சொற்கள் மட்டும் செல்லும். 'அரிவாளைக் கிணற்றடியில் புதைத்தேன்' என்பது செல்லும். 'அதால்தான் வெட்டினேன்' என்பது செல்லாது. அன்றைய சென்னை மாகாணத்து வழக்கு ஒன்றில் 1946-இல் லண்டன் பிரிவி கவுன்சில் போட்ட கோடு இது. இன்றும் தமிழகக் கொலை வழக்குகளில் அரிவாளை எடுத்துக் கொடுத்ததற்குப் பெரும்பாலும் கிராம நிர்வாக அலுவலர்தான் சாட்சி. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் அவரிடம் நேரம் எடுத்துக்கொள்வது இதனால்தான்.

● குற்றம் சாட்டப்பட்டவரை நம் நீதிமன்றத் தமிழில் 'எதிரி' என்கிறார்கள். 1-வது எதிரி, 2-வது எதிரி. அரசுத் தரப்பு சாட்சி அ.சா.1, அ.சா.2. ஒருவரைக் குற்றவாளி என்று நிரூபிக்கும்வரை அவர் நிரபராதி என்று சொல்லிக்கொண்டே, அவரை எதிரி என்று அழைக்கிறோம். இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' நீளம்தான், ஆனால் நியாயமான நீளம்.

● குற்றப்பத்திரிகையைக் கொடுப்பது போலீஸ். குற்றச்சாட்டை வனைவது நீதிபதி. ஆம், 'வனைதல்' என்பதே நீதிமன்றச் சொல். குயவர் பானை வனைகிறாரே, அதே வினை. போலீஸ் எந்தப் பிரிவைப் போட்டிருந்தாலும் ஆவணங்களைப் பார்த்து எது நிற்கும், எது நிற்காது என்று நீதிபதிதான் முடிவு செய்கிறார். தீர்ப்புச் சொல்லும்வரை அதை மாற்றவும் செய்யலாம். மாற்றினால் சாட்சிகளை மீண்டும் அழைத்துக் கேட்க இரு தரப்புக்கும் உரிமை உண்டு.

● 'விடுவிப்பு' வேறு, 'விடுதலை' வேறு. விசாரணை தொடங்குமுன், குற்றச்சாட்டு வனையவே போதிய முகாந்திரம் இல்லை என்றால் விடுவிப்பு. முழு விசாரணைக்குப் பின் நிரூபணமாகவில்லை என்றால் விடுதலை. விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது. விடுவிக்கப்பட்டவருக்கு அந்தக் கவசம் இல்லை.

● இரண்டு ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ளவை பிடியாணை வழக்குகள், மற்றவை அழைப்பாணை வழக்குகள்.

● புகார் கொடுக்கத் தாமதித்தால் சில குற்றங்களைச் சட்டமே கைவிட்டுவிடும். அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை என்றால் ஓராண்டு, மூன்று ஆண்டு வரை என்றால் மூன்று ஆண்டு. அதற்கு மேற்பட்ட குற்றங்களுக்குக் காலக்கெடு இல்லை.

● கொலைக்கும் 'கொலையாகாத மரணம் விளைவித்தல்' என்பதற்கும் நடுவில் ஐந்து விதிவிலக்குகள் நிற்கின்றன. கடுமையான, திடீர் ஆத்திரமூட்டல். தற்காப்பு எல்லை மீறிப்போவது. அரசு ஊழியர் நல்லெண்ணத்தோடு அதிகாரம் மீறுவது. திட்டமிடாத திடீர்ச் சண்டை. பதினெட்டு வயது நிறைந்தவரின் சம்மதம். பல கொலை வழக்குகளில் எதிர்த்தரப்பின் உழைப்பில் பெரும்பகுதி, கொல்லவே இல்லை என்று வாதிடுவதைவிட, நடந்தது இந்த ஐந்தில் ஒன்று என்று காட்டுவதில்தான் போகும்.

இதில் முதல் விதிவிலக்கின் 'திடீர்' என்ற சொல்லைப் பற்றி ஒரு தமிழ்க் கதை உண்டு. தினமும் அடியும் அவமானமும் தாங்கிய ஒருத்தி, ஒருநாள் குழந்தைகளோடு கிணற்றில் குதிக்கிறாள். குழந்தைகள் இறந்து அவள் பிழைத்தால் அவள்மேல் கொலை வழக்கு. அன்று திடீரென்று யாரும் அவளுக்கு ஆத்திரமூட்டவில்லை. பல ஆண்டுகளாக மூட்டிக்கொண்டே இருந்தார்கள். எழுதிவைத்த விதிவிலக்கில் அவளுக்கு இடமில்லை. 1989-இல் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட வழக்கில், தொடர்ந்து மூட்டப்பட்ட ஆத்திரத்தையும் அந்த விதிவிலக்கின் வகையில் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றது. அந்த மனநிலைக்குத் தீர்ப்பு சூட்டிய பெயர் 'நல்லதங்காள் மனநிலை'. பஞ்சத்தில் அண்ணன் வீடு தேடிப் போய், அண்ணியின் கொடுமையால் ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் விழுந்த நல்லதங்காளைக் கதைப்பாடலாகக் கேட்டு நம் பாட்டிகள் அழுதார்கள். வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயிலும் இருக்கிறது. வெள்ளைக்காரர் எழுதிய சட்டத்தில் இல்லாத ஓர் இடத்தை, ஒரு கிராமியக் கதையின் கைபிடித்து நீதிமன்றம் கண்டுபிடித்தது. இந்திய நீதிமன்றங்கள் 'நீடித்த ஆத்திரமூட்டல்' பற்றிப் பேசும்போது இந்தத் தீர்ப்பும் எடுத்துச் சொல்லப்படுகிறது.

● தற்காப்புக்காகத் தாக்கினேன் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு எதிரியுடையது. ஆனால் அரசுத் தரப்பைப் போல ஐயமற நிரூபிக்கத் தேவையில்லை. அப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தானே சாட்சி கொண்டுவர வேண்டும் என்றும் இல்லை. அரசுத் தரப்பு சாட்சிகளின் வாயிலிருந்தே அதை வரவழைக்கலாம். எதிரியின் உடம்பில் காயம் இருந்து, அது எப்படி வந்தது என்று அரசுத் தரப்பு வாயே திறக்காவிட்டால் வழக்கின்மேல் அங்கேயே சந்தேகம் விழும்.

● ஐந்து பேர் என்பது குற்றவியல் சட்டத்தில் கனமான எண். ஐந்தோ அதற்கு மேலோ பேர் கொண்ட கும்பல் 'சட்டவிரோதக் கூட்டம்' ஆனால், கும்பலின் நோக்கத்துக்காக ஒருவர் செய்த குற்றம் கூட இருந்த எல்லோரையும் சேரும். கை ஓங்காதவரையும் சேரும். ஊர்ச் சண்டை வழக்குகளில் எஃப்.ஐ.ஆரில் பெயர்ப் பட்டியல் நீளும்போது, யார் உண்மையில் அங்கே இருந்தார், யார் வெறுமனே வேடிக்கை பார்த்தார் என்று பிரிப்பதே வழக்கறிஞரின் முதல் வேலை.

● ஒரு குற்றத்தை நிரூபிக்க இத்தனை சாட்சி வேண்டும் என்று சட்டம் எண்ணிக்கை வைக்கவில்லை. முழுவதும் நம்பத்தக்க ஒரே சாட்சியை வைத்துக் கொலைக்கும் தண்டிக்கலாம் என்று 1957-இல் மதராஸ் மாநிலத்திலிருந்து போன மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது. முழுக்க நம்பத்தக்கவர், முழுக்க நம்பத்தகாதவர், இரண்டிலும் சேராதவர் என்று சாட்சிகளை அது மூன்றாகப் பிரித்தது. மூன்றாம் வகைக்கு மட்டும் வேறு ஆதாரம் துணைக்கு வேண்டும்.

● சாட்சி பிறழ்ந்துவிட்டால் அவர் சொன்ன எல்லாமே வீணாகிவிடாது. நம்பத்தக்க பகுதியை இரு தரப்புமே எடுத்துக்கொள்ளலாம்.

● அரசுத் தரப்பு சாட்சியம் முடிந்ததும், எதிரிக்குப் பாதகமாக வந்த ஒவ்வொன்றையும் பற்றி நீதிபதி அவரையே நேரடியாகக் கேட்க வேண்டும். 313 கேள்வி என்று வளாகத்தில் சொல்வது இதைத்தான். இப்போது பிரிவு 351. சத்தியப்பிரமாணம் கிடையாது. பதில் சொல்லாமல் இருக்கலாம், எழுதியும் கொடுக்கலாம். வழக்கு முழுக்க வாய்மூடி நின்ற மனிதர், தன் கதையைத் தன் வாயால் நீதிபதியிடம் சொல்லக் கிடைக்கும் தருணம் அது. 'பொய் வழக்கு' என்று இரண்டே சொல்லில் அதை வீணாக்கிவிடுபவர்கள் ஏராளம்.

● சாதாரணக் காயம், திருட்டு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தால் ராஜியாகலாம். மோசடிக்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும். கொலைக்கு ராஜி கிடையாது.

● சினிமாவில் உச்சத்தில் இருந்த நாளில் சிறைக்குப் போனவர் எம்.கே. தியாகராஜ பாகவதர். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்திக்குத்துப் பட்டு இறந்த வழக்கு. ஜூரிகள் குற்றவாளி என்று சொல்ல, 1945-இல் பாகவதருக்கும் என்.எஸ். கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு சென்னைக்கே திரும்பி வந்து, 1947-இல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதர் உள்ளே இருந்த காலத்தின் பெரும்பகுதியில் பிராட்வே தியேட்டரில் அவர் நடித்த 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம். வெளியே வந்த கிருஷ்ணன் மீண்டும் சிரிக்க வைத்தார். பாகவதரால் பழைய இடத்துக்கு வரவே முடியவில்லை.

● ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் விசாரித்த 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது. 1999 மே 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் தூக்கு உறுதியானது நால்வருக்கு. மூவருக்கு ஆயுள். 19 பேர் வெளியே வந்தார்கள். தடா சட்டத்தின் பயங்கரவாதக் குற்றச்சாட்டு இந்த வழக்கில் நிற்காது என்றும் சொல்லப்பட்டது. ஆனால் அந்தச் சட்டம் இருந்ததால்தான் போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலங்கள் சாட்சியமாயின.

● எந்தக் குற்றமானாலும், யாருக்கும் ஆஜராக மாட்டோம் என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போடக் கூடாது. அப்படிப் போட்டால் அது செல்லாது என்று 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்த வழக்கு தொடங்கியது கோவையில், போலீசாருக்கும் வழக்கறிஞர்களுக்கும் நடந்த தகராறில்.

● பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கிடைப்பார். கைதானவரை முதன்முதலாக நடுவர் முன் நிறுத்தும் நாளிலிருந்தே இந்த உரிமை உண்டு. அவர் கேட்காவிட்டாலும் இதை அவரிடம் சொல்ல வேண்டியது நடுவரின் கடமை. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண் 15100. கட்டணம் இல்லை.